மாறிய ஓசையும் மாறாத செவியும்

நூல் ஒன்றின் சிறப்புப் பாயிரம் எடுத்துரைக்க வேண்டிய எட்டனுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்றென நம் இலக்கண ஆசிரியர் வகுத்துவைத்தனர். ஆக்கியோன் பெயரும், நூற்பெயரும், எல்லையும், பயனும் கூறி அமையாது, அந்நூலைக் கேட்டற்குரியார் யாவர் என்பதனையும் முகப்பிலேயே சொல்லிவிட வேண்டுமென்று அவர் கருதினர். செய்வோனுக்கும் கேட்போனுக்குமிடையே எழுதாத உடன்படிக்கை ஒன்று உண்டென்பது இதனாற் போதரும். இவ்வெட்டனோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையுங் கூட்டிப் பதினொன்றாக எண்ணுவாரும் உளர். இப்பகுதியை நாம் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றோம். மாணவர் மனனஞ் செய்வர், பரீட்சையில் எழுதுவர், பின்னர் மறப்பர். இவ்விதி ஏட்டுச்சுவடிக்கு மாத்திரம் உரியதன்று, இக்காலத்து மின்னிசைக்கும் செல்லும் என்பதனை, நம்மவர் ஒருவருடைய இசையையும் அதனைக் கேட்டோர் அடைந்த மனமாற்றங்களையும் கொண்டு இங்கே ஆராய எண்ணுகின்றோம்.

எம்.ஐ.ஏ. என்னும் மூன்றெழுத்தால் உலகறிந்தவர் மாதங்கி அருட்பிரகாசம். மின்கருவிகளிற் பிறக்கும் ஓசையோடு பல நாட்டு மக்களின் தெருவோசைகளையும் கலந்து பாடுபவர். 1975 யூலையில் இலண்டனிற் பிறந்தார். ஆறுமாதக் குழந்தையாய் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். இடையே சென்னையிலும் சிலகாலம் வாழ்ந்து, 1986 இல் அகதியாய் மீளவும் இலண்டன் சேர்ந்தார். அங்கே சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைக்கலையும் பயின்றார். அவர் சூடிக்கொண்ட மூன்றெழுத்தும், போர்க்களத்திற் காணாமற்போனோரைக் குறிக்கப் படைத்துறையினர் ஆங்கிலத்தில் வழங்குந் தொடரின் முதலெழுத்துக்களாகும். தாம் வாழ்ந்த அக்ரன் என்னும் இலண்டன் பகுதியின் பெயரையும் அதனுள் ஒளித்துவைத்தார். இலண்டன் இளைஞருக்கு அது ஒரு சொல்விளையாட்டு. காணாமற்போனோர் என்னுஞ் சொல் இந்நாட்டில் எவ்வளவு கனக்கும் என்பதை இப்பக்கத்தின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாதங்கி என்னும் பெயரைப்பற்றியும் ஒரு வார்த்தை. சொல்லுக்கும் இசைக்கும் தலைவியாகிச் சியாமளை எனவும் வழங்கப்படுந் தெய்வத்தின் பெயர் அது. தமிழ் படித்தோருக்கு வேறொரு நினைவும் உடன்வரும். கலம்பக உறுப்புக்களுள் மதங்கியார் என்பது ஒன்று. இருகையிலும் வாளேந்திச் சுழற்றிக்கொண்டே பாடியாடும் இளம்பெண்ணைக் கண்டான் ஒருவன் கூற்றாக அது வரும். கண்டவன் மகிழ்ந்தானா அஞ்சினானா என்று பிரித்தறிய இயலாதவாறு பாடுவதிலேயே புலவனுடைய திறம் தோன்றும். நம் மாதங்கியைக் கேட்டோர் நிலையும் பெரும்பாலும் அதுவே.

தந்தையார் அருளர் என்னும் பெயரில் எழுதியவர். ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் கப்பலேறி வடக்கே வந்த அகதிகளைப் பற்றிய ‘லங்கா ராணி’ என்னும் நாவல் அவருடையது. நம் இலக்கிய வட்டத்தினர் அந்நாவலை அறிவர். மகளின் பாட்டை அறியார். உலகெங்கும் மகளின் பாட்டைக் கேட்டோர் இப்படியொரு நாவல் உண்டென்பதையே அறியார். 2005 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு மகள் இட்ட பெயர் ‘அருளர்’ என்பது. இரண்டாவது தாயின் பெயரால் ‘கலா’. மூன்றாவது தம் பெயரால் ‘மாயா’. நான்காவது தெய்வப்பெயரும் தம் முழுப்பெயருமாகிய ‘மாதங்கி’. பாயிரவிதியை அவர் படித்திருக்கமாட்டார். ஆயினும் நூற்பெயரிடுவதில் ஓர் ஒழுங்கை அவர் கைக்கொண்டார் என்பது தெளிவு.

முதலிசைத்தட்டு பிறந்த வகை எளியது. பீச்சஸ் என்னும் கனடிய இசைக்கலைஞர், றோலண்ட் கம்பனியார் செய்த எம்.சி. 505 என்னும் பெட்டி ஒன்றை அவருக்கு அறிமுகஞ் செய்தார். தாளத்தையும் சுரத்தையும் ஒருங்கே எழுப்பி, எழுப்பியதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங் கருவி அது. முறையாக இசை பயிலாத ஓவியர் ஒருவர் அதன்முன் அமர்ந்து பாட்டுக்களைக் கட்டினார். ‘கலாங்’ என்னும் பாட்டு 2003 இல் ஐந்நூறு தட்டுக்களாக மாத்திரம் வெளிவந்தது. ஜமேக்காவின் நடன இசையும், பிரேசில் நாட்டு றியோ நகரத்துச் சேரிகளின் தாளமும், இலண்டன் தெருப்பேச்சும் ‘அருளர்’ தட்டிற் கலந்திருந்தன. சொற்களோ போரையும் அகதிவாழ்வையும் பற்றியன. பேசுவது துயரம்; ஓசை கூத்தாட அழைக்கும். இப்பொருந்தாமையே கேட்போரைக் கவர்ந்தது. இங்கிலாந்தின் மேர்க்குரிப் பரிசுக்கு அவ்வாண்டே அது முன்மொழியப்பட்டது. கேட்போர் யாவர் என்று பாயிரம் எழுதியிருந்தால், ‘நடனமாட விரும்பும் மேனாட்டு இளைஞரும், புதுமை விரும்பும் விமரிசகரும்’ என்றே அப்பொழுது எழுதியிருப்பர்.

இரண்டாவது தட்டாகிய ‘கலா’வைப்பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில், இவரது இசையின் மிகப்பெரிய மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. அமெரிக்கா சென்று அந்நாட்டின் பெயர்பெற்ற இசையமைப்பாளருடன் வேலைசெய்ய எண்ணியிருந்தார். 2006 இல் விசா மறுக்கப்பட்டது. வாயில் அடைபட்டவர் உலகத்தைச் சுற்றினார். இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா எனச் சென்றவிடமெல்லாம் ஒலிப்பதிவு செய்தார். அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர் பாடியிருந்த பாட்டொன்றின்மேல் தம் குரலைச் சேர்த்தார். ‘டிஸ்கோ டான்சர்’ என்னும் 1982 ஆம் ஆண்டு இந்திப்படத்தின் பாட்டொன்றை, சிறுபிராயத்தில் தாம் ஆடிய நினைவோடு புதுப்பித்தார். ‘தளபதி’ படத்தில் இளையராஜா அமைத்த காட்டுக்குயிலுப் பாட்டின் துணுக்கொன்று தட்டின் முதற்பாட்டிலேயே கேட்கும். அதனை வெட்டி எடுத்துத் தாளத்தின்மேற் பதித்திருக்கின்றார். இவ்வாறு பிறர் ஒலிப்பதிவிலிருந்து துணுக்கெடுத்துக் கட்டுதலைச் சாம்பிள் எடுத்தல் என்பர். நம் புலவர் முன்னோர் மொழியைப் பொன்னேபோற் போற்றித் தம் நூலில் வைப்பதற்கு இது ஒருவாறு ஒப்பாகும். வெட்டு சிறிது கடுமையானது, அவ்வளவே.

எல்லாவற்றிலும் முதன்மையானது உறுமி. தமிழ்நாட்டுச் சிறுதெய்வக் கோயில்களிலும் ஊர்வலங்களிலும் முழங்கும் இருமுகக் கருவி அது. ஒரு முகத்திற் கோலால் அடிப்பர். மற்றை முகத்தில் வளைந்த கோலொன்றை அழுத்தித் தேய்ப்பர். தேய்க்கும்பொழுது எழும் ஓசை அடியோசையன்று. விலங்கொன்று நெஞ்சுக்குள் உறுமுவதுபோல இழுபட்டு எழும். அதனாலேயே கருவிக்கு அப்பெயர். ‘பேர்ட் புளூ’ என்னும் பாட்டில் உறுமிகள் கூட்டமாய் முழங்க, அதன்மேற் கோழிகளின் கொக்கரிப்பும் சிறுவர் கூச்சலும் எழுகின்றன. சபா மேடைகள் ஏற்றுக்கொள்ளாத இக்கருவி இலண்டன், நியூயோர்க் நடனசாலைகளில் முழங்கியது. நாகரிகமறியாக் கருவியென்று நம்மவர் ஒதுக்கியதை, மேனாட்டு விமரிசகர் எதிர்காலத்தின் ஓசை என்றனர். இரண்டும் மிகைக்கூற்று. ஆயினும் இரண்டனுள் எது கேட்டபின் கூறப்பட்டது என்று வினவினால், நமக்கு வெட்கம் உண்டாகும்.

‘அருளர்’ கேட்டோருக்கு இது முழுதும் வேறான ஓசை. பெட்டிக்குட் பிறந்த மெல்லிய தாளம் போய், தெருவெல்லாம் திரண்டு வந்தது. எவரும் ‘மாறிவிட்டார்’ என்று குறைகூறவில்லை. ‘வளர்ந்துவிட்டார்’ என்றனர். அமெரிக்காவின் றோலிங் ஸ்ரோன் இதழ் 2007 ஆம் ஆண்டின் தலைசிறந்த இசைத்தட்டாக அதனைத் தெரிந்தெடுத்தது. பிச்போர்க் என்னும் இசைவிமரிசன ஏடு பத்துக்கு 8.9 புள்ளி வழங்கியது. இப்புள்ளியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

அத்தட்டிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாட்டு அவரைப் பெருங்கூட்டத்தின்முன் நிறுத்தியது. விசாவுக்கு அலைந்த அனுபவத்திற் பிறந்த பாட்டு அது. குடியேறி வந்தவனெல்லாம் கொள்ளைக்காரன் என்று எண்ணுவோரை, அவர்கள் அஞ்சும் வேடத்தையே அணிந்துநின்று எள்ளுவது. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும், கடையிற் காசுப்பெட்டி திறக்கும் மணியோசையும் சொற்களுக்குப் பதிலாக நிற்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியிற் சில இடங்களில் அத்துப்பாக்கிச் சத்தத்தை நீக்கிவிட்டே பாட்டை ஒலிபரப்பினர். சத்தம் நீங்கினால் பொருளும் நீங்கும் என்பதை நீக்கியவர் உணரவில்லை. 2008 இல் இப்பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறிற்று. திருமண விருந்துகளில் அதற்கு ஆடினர். கைவிரல்களைத் துப்பாக்கிபோல் நீட்டிச் சிறுவர் விளையாடினர். எள்ளலை எள்ளலாகக் கேட்டோர் சிலர். இனிய மெட்டாக மாத்திரம் கேட்டோர் பலர். அன்றுதொட்டு அவருக்குக் கேட்போர் இருதிறத்தினர் ஆயினர். பின்னர் வந்த பூசலின் வித்து இங்கேயே கிடந்தது என்பது நம் துணிபு.

2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாய்க் கிராமி விழா மேடையில் அவர் பாடினார். அம்மாதமே, ‘சிலம்டோக் மில்லியனர்’ படத்துக்காக ஏ. ஆர். ரகுமானுடன் சேர்ந்து ஆக்கிய பாட்டுக்கு ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டிருந்தார். அதே மாதங்களில் வன்னியில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதை நாம் எழுதாமலே வாசகர் அறிவர். அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணல்களில் அதனைச் சொன்னார் அவர். நடனப்பாட்டுக்காரியிடம் இதனை எதிர்பார்த்திராத நேயர் சங்கடப்பட்டனர். மே மாதத்திற் போர் முடிந்தது.

அடுத்த ஆண்டு யூலையில் ‘மாயா’ வெளிவந்தது. அட்டையிலே அவர் முகம் யூடியூப் காட்சிகளின் அடியில் ஓடுங் கோடுகளால் மூடப்பட்டிருந்தது. தட்டின் ஓசையோ இரும்பை இரும்பால் அறுப்பது போன்றது. ஒரு பாட்டில் துளைபொறிகளின் இரைச்சலே தாளமாய் நிற்கின்றது. ‘போன் பிறீ’ என்னும் பாட்டு, சூயிசைட் என்னும் அமெரிக்கக் குழுவினர் 1977 இல் வெளியிட்ட பாட்டொன்றின் மின்னோசையை எடுத்து, அதன்மேற் கூக்குரலாய் எழுவது. அதற்கென எடுத்த சிறுபடம், செந்நிறத் தலைமயிருடைய இளைஞரைப் படையினர் பிடித்துச்சென்று கொல்வதாகக் காட்டியது. யூடியூப் நிறுவனம் அதனைத் தடுத்தது. முதற்பாட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைந்தது. நம் கைத்தொலைபேசியும் கணினியும் வழியாக அரசாங்கம் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றது என்பது அதன் கருத்து.

கேட்போர் வெகுண்டனர். முன்பு 8.9 வழங்கிய அதே ஏடு, இப்பொழுது 4.4 வழங்கியது. பரீட்சைத்தாள் திருத்துவோருக்கு இத்தகைய வீழ்ச்சி புதிதன்று. ஆயினும் நல்ல மாணவன் ஒருவனது புள்ளி பாதியாகக் குறைந்தால், அவன் விடைத்தாளை மறுமுறை படித்துப்பார்த்தல் ஆசிரியர் கடன். காது வலிக்கின்றது என்றனர் சிலர். அரசாங்கம் ஒட்டுக்கேட்கின்றது என்பது பித்தர் பேச்சு என்றனர் சிலர். பாட்டு எங்கே என்று வினவினர் பலர். விந்தை என்னவெனில், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ‘கலா’ அடைந்த உயர்ந்த இடம் பதினெட்டு. இகழப்பட்ட ‘மாயா’ ஒன்பதாம் இடத்தை அடைந்தது. வாங்கியவர் பலரும் முந்திய பாட்டை நம்பி வாங்கியவர்; வாங்கிய பொருளில் அப்பாட்டு இல்லாமையாற் சினந்தவர்.

இத்தகைய சினம் இவருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1965 இல் நியூபோட் விழாவிலே பொப் டிலன் மின்கிற்றாருடன் மேடையேறியபொழுது சபையோரிற் பலர் கூச்சலிட்டனர். மறுவருடம் மன்செஸ்ரர் நகரத்தில் ஒருவர் எழுந்து யூதாசு என்று அவரை அழைத்தார். கிற்றாரை மாற்றியதற்குக் காட்டிக்கொடுத்தவன் என்னும் பட்டம்! வாக்குறுதி கொடாதவனைத் துரோகி என்பது எங்ஙனம்? கேட்போன் தன் மனத்திலே உடன்படிக்கை எழுதி, பாடுவோன் கையொப்பத்தையும் தானே இட்டுவைத்துக்கொள்கின்றான் என்றே கொள்ளவேண்டும்.

நம் வினாவுக்கு வருவோம். ‘அருளர்’ தட்டிலிருந்து ‘கலா’வுக்கு நேர்ந்த மாற்றம் பெரிது. ‘கலா’விலிருந்து ‘மாயா’வுக்கு நேர்ந்ததும் பெரிது. முன்னையதை வளர்ச்சி என்றவர் பின்னையதை வீழ்ச்சி என்றது ஏன்? மாற்றமே குற்றமாயின் இரண்டும் குற்றம். உண்மை வேறு. முதல் மாற்றத்திற் கேட்போனுக்கு இன்பம் கூடியது. இரண்டாவதில் அவனிடமிருந்து ஓர் இன்பம் பறிக்கப்பட்டது. துயரத்தைப் பேசினாலும் கால்கள் ஆடும்படி பேசுதல் வேண்டும் என்பதே அவன் எதிர்பார்ப்பு. ‘மாயா’வில் சொல்லும் ஓசையும் ஒன்றாயின, கூத்தாட இடமில்லாது போயிற்று. இலக்கணகாரர் கூட்டிய காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் அன்றைய விமரிசகர் நினைவுகூர்ந்திருத்தல் வேண்டும். காலம், 2009 மே மாதத்துக்கு அடுத்த ஆண்டு. களம், தொலைவிலுள்ள அமெரிக்க வீடும் கணினித்திரையும்; ஊரில் நிகழ்வதைத் துண்டு துண்டான படங்களாகத் திரையிற் பார்த்திருந்தோர் அனைவர்க்கும் அக்களம் தெரியும். காரணத்தை நாம் எழுத வேண்டியதில்லை. இம்மூன்றையும் அறிந்த செவிக்கு அவ்விரைச்சல் காரணமின்றிப் பிறந்ததாகத் தோன்றாது.

எனினும் ஒன்று கூறல்வேண்டும். துயரத்திற் பிறந்தது என்பதனால் ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. நம்மவர் பலர் இவ்விடத்திற் சறுக்குகின்றனர். பொருளுக்கு இரங்கிச் செய்யுளின் ஓட்டையை மன்னிக்கின்றனர். ‘மாயா’வைப் பலமுறை கேட்டபின் நாம் கொண்ட முடிபு இது: ‘போன் பிறீ’ வலிமையுடையது. பழைய ஒல்லாந்துப் பாட்டொன்றை மெல்லிய ஜமேக்கத் தாளத்திற் புதுக்கிப் பாடிய பாட்டும் இனிது. சில பாட்டுக்கள் இரைச்சலை இட்டதோடு அமைந்துவிட்டன. அவ்விரைச்சலை ஒழுங்குசெய்யும் உள்ளம் அங்கே காணப்படவில்லை. ‘கலா’வில் உறுமியும் கோழியும் கூச்சலும் ஒன்றோடொன்று உரையாடின, இங்கே சிலவிடங்களில் எல்லாரும் ஒருசேரக் கத்துகின்றனர். ஆகவே 4.4 முழுதும் அநீதியன்று, முழுதும் நீதியுமன்று.

புள்ளியிட்டோர் தட்டினை மாத்திரம் கேட்டுப் புள்ளியிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. அவ்வாண்டு மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் வாரவெளியீட்டிலே அவரைப்பற்றி நீண்ட கட்டுரையொன்று வந்தது. அகதிகளைப்பற்றிப் பேசுபவர் விலையுயர்ந்த விடுதியிற் பொரித்த உருளைக்கிழங்கு உண்டார் என்பது அதில் எல்லார் மனத்திலும் பதிந்த செய்தி. அதனை வரவழைத்தவர் கட்டுரையாளரே என்று, தாம் எடுத்துவைத்திருந்த ஒலிப்பதிவை வெளியிட்டு அவர் மறுத்தார். இசைத்தட்டு வருமுன்னரே கேட்போர் செவியில் உருளைக்கிழங்கு நிறைந்துவிட்டது. வறியோரைப் பாடுவோன் வறியோனாகவே இருத்தல்வேண்டும் என்பது எந்த இலக்கணம்? மன்னர் அவையிற் பரிசில் பெற்று வாழ்ந்த பாணரின் வறுமையைச் சங்கப் புலவர் பாடிய பின்னரும் இவ்வினா எழுவது வியப்பே.

மூன்றாண்டின்பின், 2013 இல், அமெரிக்க அரசாங்கத்தின் ஒட்டுக்கேட்கும் ஏற்பாடுகளை எட்வேட் சினோடன் வெளிப்படுத்தினார். பித்தர் பேச்சென்று இகழப்பட்ட ஒரு நிமிடப் பாட்டை நினைவுகூர்ந்து எழுதினர் சிலர். பொருள் மெய்யாயிற்று, அதனால் மெட்டு இனிதாயிற்றா? இல்லை. ஆயினும் கேட்ட செவி சிறிது நாணமுற்றது.

இதுகாறும் மேனாட்டுக் கேட்போரைப் பற்றியே பேசினோம். நம்மவர் எங்ஙனம் கேட்டனர்? மெய்யாகச் சொல்லின், பெரும்பாலோர் கேட்கவே இல்லை. பெயரைக் கேட்டுப் பெருமிதங்கொண்டோர் உளர். உடையையும் சொல்லையுங் கண்டு முகஞ்சுளித்தோர் உளர். நமக்காகப் பேசினார் என்று போற்றியோரும், வீணே வம்பை விலைக்கு வாங்கினார் என்று வெறுத்தோரும் உளர். இந்நால்வகையாருள் எவரும் பாட்டைக் கேட்கவேண்டிய தேவையில்லை; பத்திரிகைச் செய்தி போதும். தமிழ்ச்சொல் மிகுதியாக இல்லாமையாற் சிலர் அதனைத் தமிழர் இசையென ஒப்பார். உறுமி தமிழில் அன்றி வேறெம்மொழியில் உறுமும்?

ஓசை மாற்றத்தை நம் முன்னோர் எங்ஙனம் ஏற்றனர் என்பதை அறிய வழியில்லை. யாழ் வழக்கொழிந்தது. அதன் அமைப்பையும் சுருதிகளையும் விபுலானந்த அடிகள் கணக்கிட்டு ஆராய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தார். யாழைக் கைவிட்டு வீணையை ஏற்றபொழுது கேட்டோர் அழுதனரா, ஆரவாரித்தனரா என்பதற்கு ஒரு வரியேனும் கிடைத்திலது. மேனாட்டு வயலின் நம் கச்சேரியிற் புகுந்து இருநூறு ஆண்டளவாகின்றது. இன்று அதனை அந்நியக் கருவியென்பார் இல்லை. இக்காலத்திலும் கோயில் திருவிழாவிலே நாகசுவரக்காரர் இராக ஆலாபனை முடித்துச் சினிமாப் பாட்டொன்றைத் தொடங்கும்பொழுது, முன்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து செல்வதையும், பின்னிருந்து நூறு இளைஞர் நெருங்கி வருவதையும் காணலாம். அவ்விருவர்க்கும் நடுவே தவிற்காரர் அமைதியாக வாசித்துக்கொண்டிருப்பார். அவர் இருதிறத்தாரையும் பல திருவிழாக்களிற் கண்டவர்.

மாதங்கியின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். ‘மாயா’ வெளிவந்து ஐந்து மாதம் கழித்து, 2010 டிசெம்பர் முடிவில், பாட்டுத்தொகுதி ஒன்றை விலையின்றி வழங்கினார். கேட்போர் இழந்துவிட்டோமென்று புலம்பிய துள்ளல் அதில் இருந்தது. அதிலிருந்து எடுத்து விரித்த ‘பாட் கேர்ள்ஸ்’ என்னும் பாட்டு 2012 இல் உலகெங்கும் பரவியது. பிரிவு என்றும் துரோகம் என்றும் பேசப்பட்டது ஐந்து மாத ஊடல் மாத்திரமே. ‘மாதங்கி’ தட்டு 2013 நவம்பர் வரை தாமதமாயிற்று. அது மிகவும் நன்னம்பிக்கையோடு இருக்கின்றதென்று கம்பனியார் குறைகூறியதாக அவரே தெரிவித்தார். சினம் மிகுதி என்று குறைகூறிய உலகம், சினம் போதாது என்றும் குறைகூறுமாயின் பாடுவோர் செய்வது யாது? 2016 இல் வந்த ‘எய்ம்’ நம் செவிக்கு மெலிந்ததாகவே தோன்றியது. அகதிகள் வேலியேறுவதையும் படகிற் செறிந்திருப்பதையும் காட்டித் தாமே இயக்கிய ‘போடேர்ஸ்’ என்னும் சிறுபடம் அத்தட்டினும் நீண்டகாலம் நிற்கும். 2018 இல் அவரது கல்லூரித் தோழர் ஸ்ரீவ் லவ்றிட்ஜ், அவர் இளமையில் தாமே எடுத்துவைத்த காட்சிகளைக்கொண்டு விவரணப்படம் ஒன்றை வெளியிட்டார். காலம், களம், காரணம் மூன்றையும் மேனாட்டார் அதிலேதான் கண்டனர். 2022 இல் ‘மாதா’ வந்தது. அதற்குமுன்னரே, கிறிஸ்துவின் காட்சி கிடைத்துத் தாம் கிறிஸ்தவரானதாக அவர் அறிவித்திருந்தார். பழைய நேயர்க்கு இது ஓசை மாற்றத்தினும் பெரும் புதிராயிற்று. அவர்கள் மீண்டும் உடன்படிக்கைப் பத்திரத்தைத் தேடத் தொடங்கினர்.

இக்கட்டுரைக்காக அவரது தட்டுக்களை வரிசையாகக் கேட்க விரும்பி, மாணவி ஒருத்தியிடம் உதவி கேட்டோம். காதிற் செருகும் கருவியையும் தொலைபேசியையும் தந்து, எதை எவ்வாறு அழுத்துவதென்றுங் காட்டினாள். ‘கலா’ தட்டிலுள்ள உறுமியைப்பற்றி அவளுக்கு நாம் விளக்கினோம். அக்கருவியின் பெயரை அவள் முதன்முறையாகக் கேட்கின்றாள். பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு ஐயா, ஆனா கொஞ்சம் பழைய பாட்டு மாதிரி. எனக்கு ‘மாயா’தான் விருப்பம். அதுதான் இப்ப வாற பாட்டுகள் மாதிரி இருக்கு” என்றாள். காதை வலிக்கச்செய்வதாகப் பெரியோர் இகழ்ந்த துளைபொறி இரைச்சல் அவளுக்கு அன்றாடத் தாளம். ‘கலா’ வெளிவந்த ஆண்டில் அவள் பிறந்திருக்கவில்லை.